மனக்கவலையும் தோல் நோயும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அகத்தின் அழகேயன்றி அகத்தின் அல்லலும் புறத்தே தோன்றும் என்பதையும், அது முகத்தில் மட்டுமன்றி முழங்கையிலும் முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோன்றக்கூடும் என்பதையும் இக்கால மருத்துவம் தக்க சான்றுகளுடன் காட்டியிருக்கிறது. கூட்டுறவுப் பத்திரிகையில் தோல் நோய்க்கு என்ன இடம் என்று அங்கத்தினர்கள் வினவலாம். தறியில் கை வைப்பவருக்கும் மண்ணில் கை வைப்பவருக்கும் கையே மூலதனம். அக்கையின் தோல் வெடித்தால் நூலும் தொட முடியாது, களையும் பறிக்க முடியாது. அன்றியும், மனக்கவலைக்குப் பெரிய காரணங்களுள் ஒன்று கடன். கடனோடு நாள்தோறும் உறவாடுவது நமது சங்கம். ஆதலின் இவ்விஷயம் நமக்குப் புறம்பானதன்று.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். சூளகிரி வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். தவணை தவறிய அங்கத்தினர்களை ஒவ்வொருவராக வரவழைத்து விசாரித்துக்கொண்டிருந்தபோது, அறுபது வயதை நெருங்கிய விவசாயி ஒருவர், வெயில் கொளுத்தும் வேளையிலும் முழுக்கைச் சட்டை அணிந்து, கைகளின்மேல் துண்டைப் போர்த்துக்கொண்டு வந்தார். கையெழுத்திடும்போது துண்டு விலகிற்று. புறங்கை முழுவதும் சிவந்த படை. அதன்மேல் வெள்ளிச் செதில்கள். அவர் வைத்த பேனாவை எடுக்க எழுத்தர் தயங்கினார். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: நாமும் நமது நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்தினோம். அவர் அதைக் கண்டுகொண்டார். "ஒட்டுவாரொட்டி இல்லைங்க ஐயா, பயப்பட வேண்டாம்," என்றார். பின்னர் வாயிற்படியில் நின்று, "தக்காளி விலை விழுந்த வருஷம் ஆரம்பிச்சுது. சங்கத்து நோட்டீசு வருகிற வாரமெல்லாம் இது அதிகமாகுதுங்க," என்று சொல்லிச் சென்றார்.

அச்சொல் நமது மனத்தை உறுத்திற்று. கடிதம் எவ்வாறு கையில் படையாக முளைக்கும்? இது மூட நம்பிக்கையா, உண்மையா? மருத்துவ நண்பர் ஒருவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தோல் என்னும் கோட்டை

தோல் வெறும் போர்வையன்று. உடலின் மிகப் பெரிய உறுப்புகளுள் அதுவும் ஒன்று; வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். அதன் மேலடுக்கை ஒரு மதிலுக்கு ஒப்பிடலாம். உலர்ந்த தட்டையான செல்கள் செங்கற்கள்; அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சுண்ணாம்புக் கலவை. இம்மதில் உறுதியாக இருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. வெளியிலுள்ள கிருமியும் நஞ்சும் எளிதில் உட்புகா.

மதிலுக்கு உட்புறத்தே காவலர்களும் உண்டு. 1868ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர், தோலின் மேலடுக்கில் கிளை விரித்த செல்களைக் கண்டு, அவை நரம்பைச் சேர்ந்தவை என்று கருதினார். அவை நரம்பல்ல, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த காவலர்கள் என்பது நூறாண்டுகள் சென்ற பின்னரே தெளிவாயிற்று. உட்புகும் அந்நியப் பொருளைப் பற்றி, இன்னது வந்திருக்கிறது என்று படைக்கு அறிவிப்பதே அவற்றின் தொழில். ஆயினும் அம்மாணவர் எண்ணியது முற்றிலும் வீண் போகவில்லை. தோலின் நரம்பு நுனிகள் இக்காவலர்களைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றும், அந்நரம்புகள் சுரக்கும் ஒரு பொருள் காவலர்களின் வேலையை மாற்றுகிறது என்றும் 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. மூளையிலிருந்து புறப்படும் செய்தி தோலின் காவற்படைவரை எட்டுவதற்கு வழி உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

கவலை உடலில் செய்யும் வேலை

அச்சமோ கவலையோ தோன்றும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகிறது. அது சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, அவை கார்ட்டிசால் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. நரம்புகளின் வழியே மற்றொரு கட்டளை விரைந்து சென்று அட்ரினலினையும் வெளிப்படுத்துகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது. பாம்பைக் கண்டு பாய்ந்து விலகுவதற்கு இவ்வேற்பாடு மிகவும் பயன்படுவது.

ஆயின், பாம்பு போய்விடும், கடன் போவதில்லை. கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர், எலிகளைப் பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்தி, துன்பம் எதுவாயினும் உடலில் தோன்றும் மாறுதல்கள் ஏறக்குறைய ஒரே தன்மையன என்று 1936இல் எழுதினார். அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன. நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுரப்பி சுருங்கிற்று. இரைப்பையில் புண் உண்டாயிற்று. நீடித்த துன்பம் உடலின் காவலைத் தளர்த்தும் என்னும் கருத்துக்கு இது தொடக்கம்.

குறுகிய கவலைக்கும் நீடித்த கவலைக்கும் வேற்றுமை உண்டு என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பிர்தௌஸ் தாபர், புரூஸ் மெக்யூவன் ஆகிய இருவரும் 1990களில் எலிகளின் தோலில் இதனைச் சோதித்தனர். சிறிது நேரத் துன்பம் தோலின் எதிர்ப்பு வேகத்தை மிகுதியாக்கியது. நாட்கணக்கில் தொடர்ந்த துன்பமோ அதைக் குறைத்தது. ஊருக்குள் திருடன் வந்தான் என்று பறையறைந்தால் எல்லோரும் தடியுடன் ஓடி வருவர். நாள்தோறும் இரவு முழுவதும் பறையறைந்துகொண்டே இருந்தால் சிலர் எழமாட்டார். வேறு சிலர் உறக்கமிழந்து, கண்ணிற் பட்டவரையெல்லாம் அடிப்பர். நீடித்த கவலையுற்ற உடலின் நிலையும் இத்தகையதே.

இங்கே ஓர் ஐயம் எழும். கார்ட்டிசால் அழற்சியைத் தணிக்கும் பொருளாயிற்றே. அதன் இனத்தைச் சேர்ந்தவைதாமே மருத்துவர் எழுதும் ஸ்டீராய்டு மருந்துகள். அங்ஙனமாயின் கவலையால் அழற்சி குறைய வேண்டுமேயன்றி வளர்வானேன்? இதற்கு விடை யாதெனில், கார்ட்டிசாலின் கட்டளை ஓயாது ஒலிக்கும்போது எதிர்ப்புச் செல்கள் அதற்குச் செவி சாய்ப்பதை விட்டுவிடுகின்றன. ஓயாது அதட்டும் மேஸ்திரியின் குரல் தறிக்கொட்டகையில் எவர் காதிலும் ஏறாததைப் போன்றது இது. தணிக்கும் கட்டளை பயனற்றுப் போக, அழற்சி தன் போக்கில் வளர்கிறது.

தோலை எட்டும் மூன்று வழிகள்

முதலாவது, மதில் தளர்கிறது. அமெரிக்காவில் 27 மாணவர்களின் தோலை விடுமுறைக்குப் பின்னரும் தேர்வுக் காலத்திலும் சோதித்தனர். ஒட்டும் நாடாவைப் பலமுறை ஒட்டி உரித்து மேலடுக்கைச் சற்றே குலைத்துவிட்டு, அது சீராவதற்கு ஆகும் காலத்தை அளந்தனர். தேர்வுக் காலத்தில் சீராவது தாமதமாயிற்று. கவலை மிகுந்தவர்களிடம் தாமதமும் மிகுதி. இது 2001இல் வெளியானது. மதிலின் சுண்ணாம்பு குறைந்தால் தோல் வறளும். வறண்ட தோலில் சோப்பும் சாயமும் மகரந்தமும் எளிதில் உட்புகும்.

இரண்டாவது, புண் ஆறுவது தாமதிக்கிறது. 1995ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை ஒன்று பெயர் பெற்றது. நினைவு இழக்கும் நோயுற்ற உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பாரமில்லாத 13 பெண்களுக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு புண்ணை மருத்துவ முறைப்படி உண்டாக்கினர். பாரமில்லாதவர்களுக்குப் புண் ஆற ஏறத்தாழ 39 நாட்கள். பாரம் சுமந்தவர்களுக்கு ஏறத்தாழ 49 நாட்கள். படுக்கையிற் கிடக்கும் மாமியாரையோ கணவரையோ ஆண்டுக்கணக்கில் பேணும் நம் தாய்மார்களின் கையில் அரிவாள் பட்ட காயம் ஏன் ஆறாமல் நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மூன்றாவது, நரம்பு நுனிகளே அழற்சியை மூட்டுகின்றன. கவலைக் காலத்தில் அவை வெளிவிடும் பொருள்கள், தோலில் உறையும் மாஸ்ட் செல்கள் என்பவற்றைத் தூண்டுகின்றன. அவை ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்ட, இடம் சிவக்கிறது, வீங்குகிறது, அரிக்கிறது. அரித்தால் சொறிகிறோம், சொறிந்தால் மதில் மேலும் இடிகிறது, இடிந்தால் மீண்டும் அரிக்கிறது. இரவில் அரிப்பு மிகுவதால் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் மனம் மேலும் சோர்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு முறை வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருப்பது நலம்.

கவலையால் மிகும் நோய்கள்

கவலையுடன் நெருங்கிய தொடர்புடையனவாக மூன்று நோய்களைக் கூறலாம். சோரியாசிஸ் என்பது முதலாவது. சித்த மருத்துவர் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். கரப்பான் என்று வழங்கும் எக்சிமா இரண்டாவது. திடீரெனத் தடித்து, சில மணி நேரத்தில் மறைந்து, மீண்டும் வேறோர் இடத்தில் தோன்றும் காணாக்கடி மூன்றாவது.

சோரியாசிஸ் நோயை நெசவாளர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இயல்பான தோலில் ஒரு செல் அடியிற் பிறந்து, முதிர்ந்து, மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸ் உற்ற இடத்தில் சில நாட்களிலேயே அது மேலே வந்துவிடுகிறது. நிதானமாக ஓட வேண்டிய தறியை வெறிகொண்டு ஓட்டினால் நெசவு முற்றுப்பெறாத துணி குவிவது போல, முதிராத செல்கள் செதிலாகக் குவிகின்றன. தறியை இவ்வாறு விரட்டுவது தடம் மாறிய நோய் எதிர்ப்புப் படையே. இந்நோய்க்குப் பிறவிக் கூறு அடிப்படை. கவலை, தொண்டைக் கிருமி, சில மருந்துகள், மது, புகை, தோலில் படும் காயம் ஆகியவை தூண்டுகோல்கள். உராய்வு படும் இடத்தில் இப்படை புதிதாக முளைக்கும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். தறிக்கட்டையில் நாள்தோறும் உராயும் இடத்தையும், மண்வெட்டிப் பிடி அழுத்தும் இடத்தையும் காத்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

பெருந்துயர் வந்தால் தோல் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று கிடைத்தது. 1995 ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அதன் பின்னர், பிறவிச் சார்புடைய கரப்பான் நோயாளர் 1,457 பேரை விசாரித்ததில், பெருஞ்சேதமுற்ற பகுதியில் 38 விழுக்காட்டினருக்கும், நடுத்தரச் சேதமுற்ற பகுதியில் 34 விழுக்காட்டினருக்கும் நோய் மிகுந்திருந்தது. சேதமில்லாத பகுதியில் அவ்வாறு மிகுந்தவர் 7 விழுக்காட்டினரே.

பூகம்பம் நமக்கு அரிது. பண நஷ்டம் அரிதன்று. பஞ்சாபில் அமிர்தசரஸ் நகர மருத்துவர் இருவர், சோரியாசிஸ் உற்றோர் 50 பேரையும், நாட்பட்ட காணாக்கடி உற்றோர் 50 பேரையும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். நோய் தோன்றுவதற்கோ மிகுவதற்கோ முந்திய ஓராண்டில் பெருந்துயர் நிகழ்ச்சி ஒன்றைச் சந்தித்தவர்கள் சோரியாசிஸ் பிரிவில் 26 விழுக்காடு, காணாக்கடிப் பிரிவில் 16 விழுக்காடு. சோரியாசிஸ் பிரிவில் அந்நிகழ்ச்சிகளுள் முதலிடம் பெற்றது எது? மரணமன்று, பண நஷ்டமும் பண நெருக்கடியுமே. காணாக்கடிப் பிரிவில் நெருங்கிய உறவினரின் மரணம் முதலிடம் பெற்றது.

இக்கணக்கை அளவறிந்து கொள்ள வேண்டும். 50 பேர் என்பது சிறு தொகை. அன்றியும், சோரியாசிஸ் உற்றோரில் நால்வருள் மூவரிடம் அத்தகைய நிகழ்ச்சி காணப்படவில்லை. ஆகவே கவலையே தோல் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டுதல் தவறு. கவலைக்கும் தோலுக்கும் தொடர்பே இல்லை என்பதும் தவறு. உலர்ந்த போரில் விழும் பொறி போன்றது கவலை. போர் இல்லாத களத்தில் பொறி விழுந்தாலும் தீ மூளாது.

எல்லாம் கவலையால் அன்று

படை கண்டவுடன் மனக்கவலை என்று வாளா இருந்துவிடலாகாது. சூளகிரி, பேரிகை, ஓசூர் வட்டாரத்துக் கொல்லைகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் என்னும் நச்சுப்பூண்டை நாம் அனைவரும் அறிவோம். கன்னடம் பேசுவோர் இதனைக் காங்கிரஸ் கிட என்பர். இந்தியாவில் 1950களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்ட இப்பூண்டின் தூள் காற்றிற் கலந்து முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் கடும் கரப்பானை உண்டாக்கும். பூச்சிமருந்து, சாயத்தொட்டியின் இரசாயனம், சிமெண்டு ஆகியவையும் அவ்வாறே. இவற்றுக்கு மனம் காரணமன்று. கையுறையும், முழுக்கைச் சட்டையும், வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவுதலுமே முதல் பரிகாரம்.

உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் காணப்பட்டால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு இலவச மருந்து உண்டு, முற்றிலும் குணமாகும். விரல் இடுக்கில் இரவில் அரிக்கும் சிரங்கும், வட்டமாகப் பரவும் படர்தாமரையும் ஒட்டும் நோய்கள். சிரங்குக்கு வீட்டார் அனைவரும் சேர்ந்து மருந்து கொள்ள வேண்டும். எது எந்நோய் என்பதை மருத்துவரே கூற வேண்டும். மருந்துக்கடைக்காரரும் பக்கத்து வீட்டாரும் கூறலாகாது.

களிம்பு பற்றிய எச்சரிக்கை

இங்கு ஒரு பெருந்தீமையைக் குறிப்பிட்டாக வேண்டும். 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் மருத்துவத்திற் புகுந்தது முதல் ஸ்டீராய்டு களிம்புகள் அளவற்ற நன்மை செய்து வருகின்றன. மருத்துவர் கூறிய இடத்தில், கூறிய நாள்வரை பூசினால் அவை அமுதம். கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசினால் நஞ்சு. தோல் மெலிந்து வரி வரியாகக் கிழியும். முகம் சிவந்து எரியும். படர்தாமரைமேல் பூசினால் மேலே அடங்கியது போலக் காட்டி, உள்ளே பரந்து, பின்னர் எம்மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாமற் போகும். சோரியாசிஸ் உற்றவர் ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ தாமாக ஏற்றுத் திடீரென நிறுத்தினால் உடல் முழுவதும் சீழ்க்கொப்புளம் எழும் அபாயமும் உண்டு. இவற்றை அறிந்தே 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலிற் சேர்த்தது. சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்தும். நமது அவசரத்தை நாமே கட்டுப்படுத்த வேண்டும்.

நோய் வளர்க்கும் கவலை

கவலை நோயை வளர்ப்பது போலவே நோயும் கவலையை வளர்க்கிறது. அதில் நம் அனைவருக்கும் பங்கு உண்டு. சோரியாசிஸும் கரப்பானும் காணாக்கடியும் ஒட்டுவன அல்ல. தொட்டாலும், உடன் உண்டாலும், ஒரே குவளையில் குடித்தாலும் பரவா. எனினும் டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. பந்தியில் அவர் பக்கத்து இலை காலி. பெண்ணாயிருந்தால் திருமணப் பேச்சு நின்றுவிடுகிறது. முற்பிறப்பின் பாவம் என்று கூறுவோரும் உளர். 2014ஆம் ஆண்டில் உலக சுகாதார மன்றம் சோரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியபோது, இது தொற்றாத நோய் என்பதைக் கூறி, நோயாளர் ஒதுக்கப்படுவதை எதிர்க்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஜெனீவாவில் நிறைவேறிய தீர்மானம் சூளகிரிச் சந்தையில் நிறைவேறுவது நமது கையில் இருக்கிறது. நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திய நாம் இதைக் கூறத் தகுதியுடையோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

நோயுற்றவர் செய்யத்தக்கவை

முதலாவது, தகுந்த மருத்துவரை அணுகுதல். அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. சோரியாசிஸ் வேரோடு நீங்குவதற்கு மருந்து இன்னும் இல்லையெனினும், களிம்பு, ஒளிச் சிகிச்சை, மாத்திரை, அழற்சியைத் தூண்டும் பொருளை மட்டும் தடுக்கும் புதிய ஊசி மருந்து என்று பல படிகளில் அதனை நன்கு அடக்கி வைக்க இயலும். சித்த மருத்துவத்தை நாடுவோரும் முறைப்படி பயின்ற மருத்துவரிடமே செல்ல வேண்டும். எண்ணெயோ சூரணமோ எதனால் ஆனது என்று அறியாமல் ஏற்கலாகாது.

இரண்டாவது, மதிலைப் பேணுதல். குளித்த ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ மருத்துவர் கூறும் பசையோ தடவுக. மிகு சூடான நீரும் காரமான சோப்பும் ஆகா. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்க.

மூன்றாவது, மனத்திற்கு ஓய்வு தருதல். அமெரிக்காவில் ஒளிச் சிகிச்சை பெற்றுவந்த சோரியாசிஸ் நோயாளர் 37 பேரில் ஒரு பகுதியினருக்கு, அச்சிகிச்சையின்போதே மூச்சையும் மனத்தையும் அமைதிப்படுத்தும் ஒலிநாடாவைக் கேட்பித்தனர். கேட்டவர்களின் தோல், கேளாதவர்களின் தோலைவிட விரைவில் தெளிந்தது என்று 1998இல் வெளியிட்டனர். இது சிறு சோதனை. சிகிச்சைக்குப் பதிலாக அன்று, சிகிச்சையோடு சேர்த்தே இது பயன்பட்டது என்பதையும் மறக்கலாகாது. நேரத்தில் உறங்குதல், மாலையில் சிறிது நடத்தல், கோயிலிலோ திண்ணையிலோ நாலு பேருடன் கலந்திருத்தல் ஆகியவை செலவில்லாத வழிகள். மதுவால் கவலை மறப்பதாக எண்ணுவோர் அறிக: மது இப்படையை வளர்க்கும், சில மருந்துகளோடு சேர்ந்து ஈரலையும் கெடுக்கும்.

நான்காவது, கவலை அளவு மீறி, உறக்கமும் உணவும் செல்லாமல், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினால் அதனையும் நோயாகவே கருதி உதவி நாடுதல். 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இத்திட்டத்தின் தலைமை மையமாகிய நிம்ஹான்ஸ் மருத்துவமனை, ஓசூருக்கு அண்மையில் உள்ள பெங்களூருவிலேயே இருக்கிறது. பைத்தியம் என்பார்களே என்று அஞ்ச வேண்டா.

சங்கம் செய்யத்தக்கவை

நோயைக் காட்டிக் கடனைக் கட்டாதிருக்கலாம் என்று நாம் கூற வரவில்லை. ஒருவர் கட்டாத கடன் மற்றோர் அங்கத்தினரின் சேமிப்பு. வசூலிக்க வேண்டியதை வசூலிக்காத சங்கம் நெடுநாள் நிற்காது. ஆனால் வசூலிக்கும் முறை நம் கையில் இருக்கிறது.

கொத்தமல்லிக் கட்டின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தக்காளியைப் பறிக்கும் கூலிக்கும் கட்டாத நாட்களில் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். நூல் விலை ஏறும் நாளில் நெசவாளரின் கூலி ஏறுவதில்லை. இவை ஒருவரின் சோம்பலால் வருவன அல்ல. ஆதலின் நோட்டீசு அனுப்புமுன் ஒரு முறை நேரிற் சென்று பேசுக. பொதுக்கூட்டத்தில் தவணை தவறியோர் பெயரை உரக்கப் படித்துச் சிறுமைப்படுத்தும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை விட்டொழிக்க. உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்குப் பயிர்க்கடன் வட்டியின்றிக் கிடைக்கிறது என்பதைத் தவணைக்கு ஒரு மாதம் முன்னரே எடுத்துச் சொன்னால், அது அச்சுறுத்தலைவிட நன்கு வேலை செய்யும். இயற்கைச் சேதம் முறைப்படி அறிவிக்கப்பட்ட காலங்களில் குறுகியகாலக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்ற இடமுண்டு. பயிர்க் காப்பீடும் உண்டு. இவற்றை அறியாமலே பலர் கந்துவட்டிக்காரரிடம் சென்று, ஒரு கவலையை நூறு கவலையாக்கிக்கொள்கின்றனர். காரியதரிசி ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி இவற்றை விளக்கினால், அங்கத்தினர் பலரின் இரவு உறக்கத்தைக் காத்தவராவார்.

கவலையைத் தனியே சுமக்கும்போது அது பெருஞ்சுமை. பலர் சேர்ந்து சுமப்பதற்கென்றே கூட்டுறவு தோன்றியது. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததன் நோக்கம் வட்டிக்காரரின் பிடியிலிருந்து குடியானவரை மீட்பதே. அச்சட்டத்தை இயற்றியோர் தோல் நோயை எண்ணியிருக்கமாட்டார்; எனினும் கடன் பாரத்தைக் குறைக்கும் எச்செயலும் உடல் நலத்தையும் சேர்த்தே காக்கிறது என்பதை இன்று நாம் அறிகிறோம்.

முதலிற் கூறிய பெரியவரைப் பின்னர் சந்தித்தோம். சங்கத்தார் அவரோடு அமர்ந்து பேசி, பழைய பாக்கியைப் பகுதி பகுதியாகச் செலுத்தத் திட்டம் வகுத்திருந்தனர். அவர் மருத்துவமனைக்கும் முறையாகச் சென்று வந்தார். படை முழுவதும் மறைந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். முழங்கையில் இருந்தது, புறங்கையில் வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்தால் எவ்வளவு, மன அமைதியால் எவ்வளவு என்று பிரித்துக் கூற நம்மால் இயலாது. ஒன்று மட்டும் கண்டோம்: அன்று அவர் துண்டு போர்த்தி வரவில்லை. எழுத்தர் தாமே பேனாவை அவர் கையில் கொடுத்து, அவர் கையெழுத்திட்டபின் அதே பேனாவால் ரசீது எழுதினார்.

அங்கத்தினர்களே! உங்கள் சங்கத்திலும் துண்டு போர்த்திய கைகள் இருக்கக்கூடும். அவரை விலக்காதீர், மருத்துவரிடம் அனுப்புங்கள், அவர் கவலையைக் கேளுங்கள். கணக்கு ஏட்டில் வரவு வைக்க முடியாத இலாபம் இது. எனினும் சங்கத்தின் உண்மையான இலாபங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.